ஒரே காலைத் தூக்கிய யானைகள்

எங்கள் வீட்டில் யாரும் நல்ல சேலை கட்டியதில்லை. இளம்பிள்ளையில் விசைத்தறி வைத்திருப்பவர்கள் வீட்டில் இது வழக்கம்தான். நல்ல சேலை கடைக்குப் போகும். இழை அறுந்தது, பூ விட்டுப்போனது, சாயம் ஒட்டியது, கடைக்காரர் திருப்பி அனுப்பியது எல்லாம் வீட்டம்மாவுக்குப் போகும். அம்மாவின் பீரோவைத் திறந்தால் அப்பாவின் நான்கு தறிகளும் அத்தனை வருடத்தில் செய்த தப்புகள் எல்லாம் தேய்த்து மடித்து அடுக்கியிருக்கும். "எங் கல்யாணச் சேல ஒண்ணுதான் தப்பில்லாதது. அது எங்கப்பன் ஊட்ல எடுத்தது" என்பாள் அம்மா, அப்பாவின் காதில் விழும்படி.

அப்பாவுக்குத் தப்பைக் கண்டுபிடிக்கும் கண். கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாளின் முந்தியில் ஓர் இழை விட்டுப்போயிருப்பதை, இலைக்குச் சாம்பார் வருவதற்குள் பார்த்துவிடுவார். பார்த்ததை மனதோடு வைத்துக்கொள்வாரா என்றால் அதுவும் கிடையாது. அம்மா மேசைக்கு அடியில் அவர் காலை மிதிப்பாள். அவர் காலை நகர்த்திக்கொண்டு மிச்சத்தையும் சொல்லி முடிப்பார்.

நான் இப்போது சென்னையில் அனிமேஷன் படம் செய்கிறேன். எப்போதாவது கல்லூரிப் பிள்ளைகள் முன்னால் பேசக் கூப்பிடுவார்கள். பேசி முடித்ததும் ஒரு பிள்ளை எழுந்து, "மேடம், உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வருது?" என்று கேட்கும். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது என்ன தண்ணீர் லாரியா, இந்த ஊரிலிருந்து இத்தனை மணிக்கு வருகிறது என்று சொல்ல? முன்பெல்லாம் குகை ஓவியம், கோயில் தூண் என்று பெரிதாக எதையாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். பிள்ளைகளும் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்கள். அத்தனையும் பொய். என்னை இந்த வேலைக்கு அனுப்பி வைத்தது அம்மாவின் பீரோவில் இருக்கும் ஒரு டேமேஜ் சேலை. அதை மேடையில் சொல்ல வெட்கமாக இருந்தது. தலையில் நாலு முடி நரைத்த பிறகு வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். நான்கு தறியும் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதை வாயசைவில்தான் புரிந்துகொள்ள வேண்டும். டிவியில் பொம்மைப் படம் ஓடும். எனக்கு ஒரு வார்த்தை கேட்காது. கரண்ட் போனால் தறி நின்று வீடு அமைதியாகும். ஆனால் கரண்ட் போனால் டிவியும் போயிருக்குமே! வாத்து என்ன கேட்டது, நரி என்ன பதில் சொன்னது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. குதிப்பதற்கு முன்னால் நரி ஒரு தடவை உட்கார்ந்து எழும். ஓடி வந்து நின்ற பிறகும் அதன் வால் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். இதைக் கண்டுபிடித்த அன்று சந்தோஷம் தாங்காமல் சமையல்கட்டுக்கு ஓடி அம்மாவிடம் கத்திச் சொன்னேன். "வாலு கெடக்குது. பூரிக்கு மாவு பெசையச் சொன்னனே, பெசஞ்சியா?" என்றாள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில், கடைவீதியில் இருந்த சேலை டிசைன் சென்டருக்கு வேலை பழகப் போக ஆரம்பித்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், அவ்வளவுதான். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டம் என்றால் ஓர் இழை. அதில் படம் போட்டு, பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தால், தறிக்கு மேலே இருக்கும் பெட்டி அதைப் படித்து அப்படியே நெய்யும். வளைவு என்று ஒன்று அங்கே கிடையாது, எல்லாம் படிக்கட்டு. மயிலின் கழுத்தைக்கூடப் படி படியாகத்தான் இறக்க வேண்டும். முதல் வாரம் மாங்காய் போட்டேன். இரண்டாம் வாரம் மயில் போட்டேன். மூன்றாம் வாரம், சென்னையில் அனிமேஷன் படிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, விண்ணப்பப் பாரத்தை வரவழைத்து அப்பாவின் முன்னால் வைத்தேன். அவர் கையெழுத்து போட வேண்டும்.

"பொம்மப் படம் பாக்கறதுக்கு எதுக்கு சாமி காலேஜு?" என்றார் அப்பா. அவருக்கு நான் எப்போதும் 'சாமி'தான்.

"பாக்கறதுக்கு இல்லப்பா, செய்யறதுக்கு."

"இங்கயே டிசைன் போடறயல்ல. அதும் படம்தான? பாக்கலாம், பாக்கலாம்."

எங்கள் பக்கம் 'பாக்கலாம்' என்றால், முடியாது என்பதை மனம் நோகாமல் சொல்கிறார்கள் என்று அர்த்தம். பாரம் டிவி மேல் போய் உட்கார்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆத்தூர் ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் யானை பார்டர் போட்ட சேலை கேட்டிருந்தார். டிசைன் சென்டரில் யானை ஏற்கெனவே இருந்தது. அதை எடுத்து வரிசையாக வைத்து பென் டிரைவில் ஏற்றித் தர வேண்டியதுதான் என் வேலை. ஏற்றும் முன் அந்த வரிசையைப் பார்த்தேன். அத்தனை யானையும் ஒரே இடது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. எத்தனை வருடமாக, எத்தனை பேர் சேலையில், இந்தக் காலைத் தூக்கிக்கொண்டே நிற்கின்றனவோ! எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பாவம், ஒன்றாவது காலைக் கீழே வைக்கட்டுமே என்று நினைத்தேன்.

இரண்டாவது யானையின் காலைக் கொஞ்சம் இறக்கினேன். மூன்றாவதை இன்னும் கொஞ்சம். நான்காவதில் கால் தரையைத் தொட்டது. தொட்டதும் பின்னங்கால் கிளம்ப வேண்டுமே, அது எப்படிக் கிளம்பும்? இளம்பிள்ளையில் யானைக்கு எங்கே போவது? பால்காரர் வீட்டு எருமைக்குப் பின்னாலேயே நான்கு நாள் நடந்தேன். எந்தக் காலுக்குப் பிறகு எந்தக் கால் என்று நோட்டில் குறித்துக்கொண்டு வந்து, எருமையைப் பார்த்துப் பதினாறு யானை வரைந்தேன். பதினாறும் வேறு வேறு. பதினாறாவது யானை முடிகிற இடத்தில் மறுபடி முதல் யானை. அப்பாவிடம் சொல்லவில்லை. சேலையைப் பார்த்ததும் அவருக்கே புரியும், பாரத்தில் கையெழுத்து தானாக விழும் என்று நம்பினேன். பதினேழு வயதில் அப்படித்தான் நம்பத் தோன்றும்.

தறியில் பார்டர் யானைகள் படுத்தவாக்கில்தான் வரும். இரண்டு மூன்று யானை வெளியே வருவதற்குள் முதல் யானை உருளையில் சுற்றிக்கொள்ளும். அதனால் அப்பா கண்ணிலிருந்தே அது தப்பித்துவிட்டது. நான்கு சேலை நெய்து முடித்து, மடித்து, ஆத்தூருக்கு எடுத்துக்கொண்டு போனோம். நானும் ஆசையாகக் கூடவே போனேன்.

கடைக்காரர் சேலையை நீள மேசையில் விரித்தார். பார்டர் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் மூன்றாவது யானையில் நிறுத்தினார்.

"என்னங்க இது? ஒண்ணுக்கொண்ணு கால் மாறி மாறி இருக்கு?"

அப்பா குனிந்து பார்த்தார். ஊரார் சேலையில் தப்பு கண்டுபிடித்த மனிதர், தன் சேலையில் இருந்ததைப் பார்க்கவில்லை. காது இரண்டும் சிவந்துவிட்டன. "டிசைன்ல மிஸ்டேக் ஆயிப்போச்சுங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அது மிஸ்டேக் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்கு சேலையையும் திருப்பி மடித்துக்கொண்டு பஸ் ஏறினோம். வழி நெடுக அவர் மடியில் இருந்த சேலைகளின் ஓரத்தை நீவிக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நானே சொல்லிவிட்டேன். "தெரிஞ்சுதாம்ப்பா பண்ணினேன். அது தப்பில்ல. யானை நடக்குது."

அப்பா ஒரு சேலையை எடுத்துக் கூடத்தில் முழு நீளத்துக்கும் விரித்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்டரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். திரும்பி வந்தார்.

"யானை எங்க சாமி நடக்குது? நாந்தான் நடக்கறேன்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தேடிவிட்டுத்தான் சொன்னார். எனக்கும் கண்ணெதிரே தெரிந்தது: விரித்த சேலையில் பதினாறு யானையும் ஒரே நேரத்தில் நின்றுகொண்டிருந்தன. ஒரு படம் இருந்த இடத்துக்கே அடுத்த படம் வந்தால்தான் அது நடக்கும். அதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் அழுதேன். பாரம் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டிவி மேலிருந்த அதை நான் கேட்கவும் இல்லை, அவர் எடுக்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். அம்மா பீரோவில் புதிதாகச் சேர்ந்திருந்த யானைச் சேலையை எடுத்தாள். "இதையா கட்டற?" என்று எரிந்து விழுந்தேன். "காலு கீழதான இருக்குது, எவ குனிஞ்சு பாக்கப் போறா?" என்றாள்.

எங்கள் வீட்டில் அம்மா விசேஷத்துக்குச் சேலை கட்டினால், தரையில் உட்கார்ந்து கொசுவத்தின் அடிப்பகுதியை நீவிவிடுவது என் வேலை. அன்று நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அம்மா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க! இங்க வந்து கொசுவத்தப் புடிங்க. மகாராணி வரமாட்டாளாம்."

வெள்ளை வேட்டி சட்டையில் கிளம்பி நின்ற அப்பா முனகிக்கொண்டே வந்து, அம்மாவின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கொசுவத்தை மேலே பிடித்திருந்தாள். மடிப்பு ஒரே அகலமாக வருவதற்கு யானையையே அளவாக வைத்து மடித்திருக்கிறாள். வெளியே ஒரு யானை, உள்ளே ஒரு யானை. அதனால் எல்லா மடிப்பிலும் முன்பக்க யானை ஒரே இடத்தில், ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கியது போல இருந்தது. அப்பா அடியை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, கட்டை விரலால் ஒவ்வொரு மடிப்பாகத் தள்ளிச் சரிசெய்தார். கடைசி மடிப்பில் அவர் கை நின்றது.

மறுபடி முதல் மடிப்புக்குப் போனார். இந்தத் தடவை வேகமாகத் தள்ளினார். மறுபடியும். சேலை சரசரவென்றது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க? பஸ்ஸு போயிருமுங்க."

"சும்மா நில்லு."

ஐந்தாறு தடவை தள்ளியிருப்பார். நான் சீப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"சாமி, இங்க வா."

போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பாரு" என்று சொல்லிவிட்டுக் கட்டை விரலை ஓட்டினார். அம்மாவின் பாதத்துக்கு மேலே, ஒரு சாண் துணியில், என் யானை நடந்தது. காலை இறக்கி, அடுத்த காலை எடுத்து, தும்பிக்கையை லேசாக ஆட்டிக்கொண்டு நடந்தது. நான் வரைந்ததுதான். ஆனால் அது நடந்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய திரையில் என் படம் ஓடிவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் திரும்பக் கிடைக்கவில்லை.

"நடக்குதுங்கப்பா" என்றேன்.

"நடக்குது. ஆனா அஞ்சாவது மடிப்புல நொண்டுது, பாத்தியா?"

மெதுவாகத் தள்ளிக் காட்டினார். ஆமாம். ஐந்தாவது மடிப்பில் பின்னங்கால் முன்னால் போவதற்குப் பதிலாகச் சற்றுப் பின்வாங்கி, ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போனது. நான் எருமையைத் தப்பாகக் குறித்திருக்கிறேன். கடைக்காரர் தப்பு என்று காட்டியது தப்பே இல்லை. உண்மையான தப்பை அப்பா பார்த்துவிட்டார். யானை நடப்பதைப் பார்க்காத ஒருவரால் அதை நொண்டுகிறது என்று சொல்ல முடியாது.

அப்பா கொசுவத்தை விடாமல் என்னைப் பார்த்தார்.

"அந்தக் காலேஜுல, நொண்டாம நடக்க வெக்கறதுக்குச் சொல்லித் தருவாங்களா?"

"தருவாங்கப்பா."

"அப்பறம் ஏன் பாரத்த டிவி மேல வெச்சிருக்கற? எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு வந்தேன். மொய்க் கவரில் பேர் எழுத வைத்திருந்த பேனாவால், தரையில் வைத்தே கையெழுத்து போட்டார். போட்டு முடித்து, பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, மறுபடி கொசுவத்தைப் பிடித்தார். அம்மா இவ்வளவு நேரமும் இரண்டு கையாலும் மடிப்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. துடைக்கக் கை இல்லை.

"ஏனுங்க, இப்பவாச்சும் செருகிக்கட்டுமுங்களா?"

"இரு," என்றார் அப்பா, "இன்னொருக்கா பாத்துக்கறேன்."