முப்பது வருட முட்டிவலி

எனக்கு முட்டிவலி கிடையாது. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு முப்பது வருடம் பிடித்தது.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் என்னைத் திருச்சி மலைக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். பாதிப் படி ஏறியதும் ஒரு திறப்பு வழியாகக் கீழே பார்த்துத் தொலைத்துவிட்டேன். பஸ்ஸெல்லாம் தீப்பெட்டி மாதிரி ஊர்ந்தன. உள்ளங்கால் கூசியது. வாழ வந்து இருபது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்க மனசில்லை. "முட்டி வலிக்குதுங்க. நீங்க போயிட்டு வாங்க, பையை நான் பாத்துக்கிறேன்" என்றேன். இருபத்து மூன்று வயதில் முட்டிவலி! அவரும் ஒரு கேள்வி கேட்காமல் என்னைக் கீழே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு ஏறினார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, மேலே காற்று ஆளைத் தூக்குகிறது, காவிரி வெள்ளிக்கம்பி மாதிரி தெரிகிறது என்றெல்லாம் சொன்னார். எனக்காகத்தான் இத்தனை சீக்கிரம் ஓடி வந்திருக்கிறார் என்று நான் அப்படியே உருகிப்போனேன்.

அன்றைக்கு ஏற்ற பதவி அது. அதற்குப்பின் குடும்பத்தோடு எங்கே போனாலும் பை, செருப்பு, தண்ணீர் பாட்டில், கட்டுச்சோறு எல்லாவற்றுக்கும் நானே காவல். திருமயம் கோட்டையைப் பற்றிக் கேட்டால் சொல்லத் தெரியாது, கோட்டை வாசலில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று கேளுங்கள், சொல்கிறேன். குரங்கு எந்தப் பக்கம் பார்த்தால் எந்தப் பக்கம் பாயும் என்பதும் அத்துப்படி. வேளாங்கண்ணி என்றால் மட்டும் முதல் ஆளாக நிற்பேன். மாதா சமதரையில் இருக்கிறார்.

முட்டிவலிக்கென்று என் வீட்டுக்காரர் பொன்னமராவதியில் யாரிடமோ தைலம் வாங்கிவந்து கொடுப்பார். ஒரு கோளாறும் இல்லாத முட்டியில் அதைத் தேய்த்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பேன். நாடகம் என்று இறங்கிவிட்டால் முழுசாக நடிக்க வேண்டும்.

போன வருடம் என் மகனுக்குக் கல்யாணமானது. பெண் கடலோரத்து மீமிசல். அவளுடைய அப்பாவுக்குச் சொந்தமாகப் படகு உண்டு. மூன்று மாதம் கழித்து ஒருநாள் மகன் போனில் ஒரு வீடியோ காட்டினான். இந்த மலைக்கும் அந்த மலைக்கும் நடுவில் கம்பியைக் கட்டி, பலகை கோத்து, தொங்கு பாலம் என்று ஒன்றை ஆட விட்டிருந்தார்கள். அதில் ஆட்கள் காசு கொடுத்து நடந்தார்கள், சிரித்துக்கொண்டே.

"நாம நாலு பேரும் போவோம்மா."

நான் முட்டியைத் தடவினேன். என் வீட்டுக்காரர், "ஆபீஸ்ல லீவு கெடைக்காதுப்பா" என்றார். அவர் ரிட்டயர் ஆகி எட்டு மாதமாகியிருந்தது. அது அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. மருமகள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கடைசியில் பேரம் படிந்து, பக்கத்தில் இருக்கிற சித்தன்னவாசல் போதும் என்றானது. குகைக்குள் இருக்கிற ஓவியம் இல்லை, அதை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. மலைக்கு மேலே ஏழடிப்பட்டம். சமணத் துறவிகள் படுத்திருந்த கல்படுக்கை அங்கேதான். மலை உச்சியைத் தாண்டி, மறுபக்கம் செங்குத்தான பாறையின் இடுப்பில் ஒரு ஒற்றையடி விளிம்பில் நடந்து போகவேண்டும். அந்த விளிம்பில் கால் வைக்க ஏழு இடத்தில் பாறையைக் குடைந்து வைத்திருப்பதால் அந்தப் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, புளியோதரையும் அவித்த முட்டையுமாகக் கிளம்பினோம். காரில் போகும்போதே என் வீட்டுக்காரர் கைடு வேலையை ஆரம்பித்துவிட்டார். "காலேஜ் படிக்கையில மூணு தடவ ஏறிருக்கேன். மேல ஒரு மண்டபம் இருக்கும். தூண்ல நாலு சிங்கம், ஒவ்வொண்ணும் இந்த ஒசரம். பாத்துக்கிட்டே இருக்கலாம்."

மலையடியில் இறங்கியதும் நான் பழக்க தோஷத்தில் பைக்குக் கை நீட்டினேன். பை அங்கே இல்லை. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தாகிவிட்டது.

"நான் பாத்ததுதானே. நீங்க போயிட்டு வாங்க. ஒனக்கு முட்டி முடியலேன்னா இங்கிட்டு வந்து ஒக்காரு."

என் பதவிக்கு ஆபத்து வந்தது அதுவே முதல்முறை. சரி, நிழல் இரண்டு பேருக்குத் தாங்கும் என்று நானும் உட்காரப் போனேன். அப்போதுதான் மருமகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தை ஏறலேன்னா நானும் இருக்கேங்க. எனக்கும் கால் ஒரு மாதிரியா வலிக்குது."

கால் வலிக்கிறதாம். முந்தின நாள் வீட்டையே தலைகீழாகப் புரட்டி ஒட்டடை அடித்த கால். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் மலை மேலே இருந்தது, கை துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். மலைக்கோட்டைப் படியில் அதை நான்தான் வைத்திருந்தேன். இவள் இன்றைக்கு இங்கே உட்கார்ந்தாளானால் இன்னும் முப்பது வருடம் எழுந்திருக்க மாட்டாள். செருப்புக்குக் காவல் இருந்து, டீக்கடைகளை மனப்பாடம் செய்து, என் மகன் வாங்கித் தருகிற தைலத்தைத் தேய்த்துக்கொண்டு இருப்பாள். எனக்குப் பாவமாக இருந்தது. அவளை நினைத்தா என்னை நினைத்தா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

"வா, போவோம்" என்றேன். என் வாய்தான் சொன்னது. மகன் வாயைப் பிளந்தான். "முட்டி?" என்றார் வீட்டுக்காரர். "அது வரும், போகும்" என்றேன்.

ஏறுவது ஒன்றும் பெரிதில்லை. பாறையில் படி வெட்டியிருக்கிறது, அகலமாக இருக்கிறது, கண்ணைப் படியிலேயே வைத்துக்கொண்டால் மலையில் இருப்பதே தெரியாது. உச்சியைத் தாண்டி மறுபக்கம் திரும்பியதும்தான் உயிர் போனது. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம், அதற்கு ஒரு இரும்புக் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் வயலும் கண்மாயும் பனைமரத்தின் தலையும். பனைமரத்தின் தலையை மேலே இருந்து பார்க்க ஆண்டவர் மனிதனைப் படைக்கவில்லை.

மகன் பாட்டுக்கு நடந்து போய்விட்டான். நான் விளிம்பு தொடங்குகிற இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன். மருமகளும் உட்கார்ந்தாள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் போனில் பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனாள். குழம்புக்குப் புளி கரைப்பதைப் பற்றி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, முட்டி வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன். பிறகு, இதற்கு மேல் எதை மறைக்க என்று தோன்றியது. "முட்டியில ஒண்ணுமே இல்ல ஆத்தா. எப்பவுமே இருந்ததில்ல. பயம். ஒசரத்தைப் பாத்தா எனக்கு ஈரக்கொலை நடுங்கும்."

அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அமுங்கியது. "எனக்கும் அத்தை! படகுல எவ்வளவு தூரம் வேணாலும் போவேன். அங்க விழுந்தா நீந்திக்கலாம். இங்க விழுந்தா?"

"இங்க விழுந்தா வயல்காரன் வந்து திட்டுவான். நெல்லெல்லாம் பாழாப்போச்சுன்னு."

சிரித்தோம். சிரிப்பு எதையும் சரிபண்ணிவிடவில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு விஷயம் தெரிந்தது. நின்றால்தான் தலை சுற்றுகிறது. உட்கார்ந்தால் அவ்வளவாக இல்லை. "உக்காந்தே போவோமா?" என்றேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகைப் பாறையில் ஒட்டி, முதல் குழியில் காலை வைத்து, பின்பக்கத்தை நகர்த்தினேன். "மாதாவே" என்றேன். அவள் எனக்குப் பின்னால் நகர்ந்தாள். "ஒண்ணு" என்றாள். இரண்டு, மூன்று. நாலாவது குழியில் செருகிய சேலை எங்கேயோ மாட்டி டர்ரென்றது. கல்யாண நாளுக்கு எடுத்த சேலை. ஐந்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அது தப்பு, மூடினால் இன்னும் ஆழமாகத் தெரிகிறது. ஆறு. ஏழு.

விளிம்பு முடிந்து பாறைக் குகைக்குள் போனதும் பக்கத்தில் இருந்த கல்படுக்கையில் அப்படியே சாய்ந்துவிட்டேன். வழவழவென்று, தலைக்கு மேடு வைத்து, நன்றாகத்தான் செதுக்கியிருக்கிறார்கள். இங்கே சில துறவிகள் உண்ணாமல் கிடந்து உயிரை விட்டார்கள் என்று மகன் விளக்கினான். சாக வந்தவர்கள்கூட வேலி இல்லாத காலத்தில் வழுக்காமல் வந்து சேர்ந்திருக்கிறார்கள். சாமான்யப்பட்டவர்கள் இல்லை.

மகன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "ஏம்மா, அப்பா சொன்ன மண்டபம் எங்க? சிங்கம்?"

அங்கே மண்டபமும் இல்லை, தூணும் இல்லை, சிங்கத்தின் வால்கூட இல்லை. நான் படுத்தபடியே பாறைக் கூரையைப் பார்த்தேன். மடியில் இறுக்கிப் பிடித்த பை. ரிட்டயர் ஆன மனிதருக்குக் கிடைக்காத லீவு. மலைக்கோட்டையில் கால் மணி நேரம். உச்சிக்குப் போய்த் திரும்ப யாராலும் முடியாத கால் மணி நேரம். எனக்காக ஓடி வந்தாராம்! படி திரும்புகிற இடத்தில் எங்கேயாவது சுவரைப் பிடித்து நின்றுவிட்டு வந்திருக்கிறார் மனிதர். அதற்குப்பின் ஏறிய மலையிலும் கோட்டையிலும் அப்படித்தான் இருக்கும். நான் அந்தக் கால் மணி நேரத்தை நினைத்துத்தான் அவருடைய எத்தனையோ கோபத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அது அவிந்துபோனது. என் தைலத்தை நினைத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே பயத்தைத் தனித்தனியாக ஒளித்து வைத்துக்கொண்டு முப்பது வருடம் இருந்திருக்கிறோம், இருவரும் ஒன்றாக அடிவாரத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கலாம்.

"வேற வழி எங்கிட்டு இருக்கு, கீழ எறங்க?" என்று மகனைக் கேட்டேன்.

"வேற வழியா? வந்த வழிதாம்மா."

இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. மருமகள், "ஏழுல இருந்து எண்ணுவோம் அத்தை" என்றாள். மிச்சமிருந்த சேலையும் போனது.

வேப்பமரத்தடிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் கையில் குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். அவித்த முட்டைகள் மரத்தின் மேலே குரங்குகளிடம் இருந்தன. ஒரு செருப்பும் மேலேதான். புளியோதரையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றியிருந்தார். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"முட்டிக்கு ஒண்ணுமில்லைங்க. எனக்கு ஒசரம்னா பயம். முப்பது வருஷமா அதான். இன்னைக்கு உக்காந்தே போயிட்டு உக்காந்தே வந்தேன்."

அவர் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் வைத்தார். அதன்பின் விஷயத்தை மாற்றுகிறவர் மாதிரி, "மண்டபம் பாத்தியா?" என்றார்.

மகன் வாயைத் திறந்தான். மருமகள் அவன் தொடையில் கிள்ளுவதைப் பார்த்தேன்.

"பாத்தேங்க. ஆனா நீங்க சொன்னது தப்பு. சிங்கம் நாலு இல்ல, அஞ்சு."

மருமகளுக்குப் புரையேறியது. அவர் என்னைப் பார்த்தார், என் கிழிந்த சேலையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"நான் போகையில நாலுதான் இருந்துச்சு" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும், அம்மாவின் கிழிசலுக்குச் சுற்றிக்கொள்ளக் காரில் இருக்கிற துண்டை எடுத்துவருவதாகப் பிள்ளைகள் இருவரும் போனார்கள். நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"உக்காந்துக்கிட்டே போனா... அவ்வளவா தெரியாதா?"

"தெரியும்தான். ஆனா போயிரலாங்க" என்றேன். "பழைய பேன்ட்டாப் போட்டுட்டு வாங்க."