கிடங்கு வாசலில் ஆன் செய்த கருவி

நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தீயணைப்பு உருளைகளில் தூள் நிரப்பும் கூலியாக ஆரம்பித்தேன். இன்று தலைக்கவசம், முகமூடி எதுவானாலும் என்னிடம் வாங்காத தீயணைப்பு நிலையம் இந்த வட்டாரத்தில் இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் இது என் கதை இல்லை, என் தங்கை வீட்டுக்காரரின் கதை.

மாப்பிள்ளை ஒரு நிலையத்தில் குழுத் தலைவர். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். போன வருஷம் ஒரு பெயின்ட் கிடங்கில் கசிவு. காற்றில் விஷ ஆவி இருந்தால் காட்டும் கைக்கருவியை நீட்டிப் பார்த்தார். பூஜ்யம் காட்டியது. வாடை அடித்ததுதான், பெயின்ட் கிடங்கில் பிறகு மல்லிகையா மணக்கும்? முகமூடி இல்லாமலே ஓர் ஆளை உள்ளே அனுப்பினார். அந்த ஆளுக்குப் பட்டப்பெயர் பீரங்கி. அவர் குரலுக்காக வைத்தது. அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. இப்போது நாலு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்குகிறார். தொலைபேசி மேசையில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

கருவி பழுது என்று எல்லோரும் முடிவுகட்டி அதைத் தூக்கிப் போட்டார்கள். அன்றிலிருந்து மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்.

“அண்ணே, பீரங்கி வீட்டுக்கு வாராவாரம் காய்கறி வாங்கிட்டுப் போறாரு. ஆனா உள்ள போகமாட்டேங்கறாரு. வாசல்லயே வச்சுட்டுத் திரும்பிடறாரு” என்று தங்கை என்னிடம் புலம்பினாள்.

புதுக் கருவி வாங்க உத்தரவு வந்ததும் நான் இரண்டை நிலையத்துக்கு எடுத்துப் போனேன். ஒன்று சட்டைப்பையில் அடங்கும். ஆன் செய்ததும், சுற்றியுள்ள காற்றைச் சுத்தமென்று தானே எடுத்துக்கொண்டு பூஜ்யத்தில் நிற்கும். தூக்கிப்போட்ட பழையதும் இந்த ரகம்தான். மற்றது செங்கல் கனம். ‘இங்கே காற்று சுத்தமா?’ என்று கேட்டுக் காத்திருக்கும். ஆம் என்று அழுத்தாவிட்டால், முன்பு நல்ல காற்றில் எடுத்த கணக்கையே வைத்துக்கொள்ளும்.

இரண்டையும் ஆன் செய்து, பெயின்டில் கலக்கும் தின்னரில் நனைத்த துணியைக் கிட்டே கொண்டுபோனேன். இரண்டும் அலறின.

“பெருசு கேள்வி கேட்குதுப்பா. அதுக்குத்தான் வீட்ல ஆள் இருக்கே” என்றார் வண்டி ஓட்டுநர். எல்லோரும் சிரித்தார்கள்.

பீரங்கி சின்னதைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இதையே வாங்குங்க. அந்த ஓட்டை மிஷினுக்கு... இது தேவலாம். பாவம், தலைவரும்... அதை நம்பி ஏமாந்தாரு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் செங்கல்லைப் பைக்குள் வைக்கப் போனேன். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. என் கையிலிருந்து அதை வாங்கினார், சின்னதையும் வாங்கினார். இரண்டையும் அணைத்தார். தின்னர் துணியோடு குழாய் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, “வந்து பாருங்க” என்றார்.

உள்ளே வாடை மூக்கைத் துளைத்தது. அங்கேயே நின்று சின்னதை ஆன் செய்தார். பூஜ்யம். பெரியதை ஆன் செய்தார். அது கேள்வி கேட்டது. அவர் எதையும் அழுத்தவில்லை. அலறத் தொடங்கியது.

இத்தனை வருஷம் இந்தச் சாமான்களையே விற்றுச் சம்பாதித்தவன் நான். எனக்கே அப்போதுதான் உறைத்தது.

“அந்த மிஷின் பழுதில்ல. நிலையத்துலயே ஆன் பண்ணிட்டுக் கிளம்பியிருக்கணும். மறந்துட்டேன். கிடங்கு வாசல்ல இறங்கினப்புறம்தான் பண்ணேன். அங்கயே ஆவி வந்துட்டிருந்துது. அது அதையே நல்ல காத்துன்னு எடுத்துக்கிச்சு” என்றார் மாப்பிள்ளை.

பீரங்கி அவரையே பார்த்தார். “எப்போ தெரியும் உங்களுக்கு?”

“அன்னைக்கே.”

“அப்போ... அந்தக் காய்கறியெல்லாம்...”

பீரங்கி தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு பெரியதை அணைக்கும் பொத்தானை அழுத்திப் பார்த்தார்.

“கையுறையோட அமுங்குது. இதையே வாங்குங்க” என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பாமல், “இனிமே காய்கறி... வேணாம் தலைவரே” என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போய்விட்டார்.

மாப்பிள்ளை மேலிடத்திலும் தானே போய்ச் சொன்னார். தலைவர் பதவி போயிற்று. இப்போது தினமும் காலையில் அந்தச் செங்கற்களை ஒவ்வொன்றாக வெளி முற்றத்துக்கு எடுத்துப் போய், கேள்விக்கு ஆம் என்று அழுத்துவது அவர் வேலை. பீரங்கி ஜன்னல் வழியே பார்ப்பார். பேச்சுவார்த்தை இல்லை.

“அண்ணே, நீங்க போய் ஒரு வார்த்தை பேசுங்க” என்கிறாள் தங்கை. எத்தனையோ வீட்டுச் சண்டைகளைப் பேசித் தீர்த்தவன் நான். இது மட்டும் என்னால் ஆகாதென்று சொல்லிவிட்டேன். மனுஷன் இப்போது சாப்பாட்டில் பாதியில் எழுந்திருப்பதில்லையாம். ஆனால் காய்கறி வாங்கும் நாள் வந்தால், வெறும் பையைக் கையில் வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் நிற்கிறாராம்.