நிறப் பென்சிலால் ஆங்கிலம் படித்த அக்கா

அக்காவின் இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவுகளே, நண்பர்களே! யாராவது புகழ்ந்தால் அக்கா, "சும்மா இரடி" என்று வாயை அடைத்துவிடுவார். இன்று அவர் தடுக்கமாட்டார் என்ற துணிவில் எழுதுகிறேன்.

அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். ஒருகொடவத்தைக் கிடங்கொன்றில் வேலை செய்த அப்பா காலமானபின், அம்மாவுடன் நாங்கள் இருவரும் வெள்ளவத்தையில் ஒரு புத்தகக் கடையின் மேல்மாடி அறைக்குக் குடிவந்தோம். முஸ்லிம் கடைக்காரரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றே அழைப்போம். அம்மா தைத்துத்தான் சீவியம். தமிழில் படித்த அக்காவுக்குக் கப்பல் கம்பனியொன்றில் எழுதுவினைஞர் வேலைக்கு ஆங்கிலச் சோதனை வந்தது. அந்த வேலை கிடைத்தால் என் படிப்புத் தொடரும். இல்லாவிட்டால் நானும் தையல் மெஷினில் குந்த வேண்டியதுதான்.

சோதனையில் சொற்களை வகை பிரிக்கச் சொல்வார்களாம். அக்கா நானாவிடம் நிறப் பென்சில்கள் வாங்கினார். பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் பெயர்ச்சொல்லுக்குச் சிவப்பு வட்டம், வினைச்சொல்லுக்கு நீலக்கோடு, பெயரடைக்குப் பச்சைப் புள்ளி. ஐயோ, அவர் பட்ட பாடு! தேயிலைப் பக்கற்றையும் விடமாட்டார்.

"தங்கச்சி, இந்த 'ஃப்ரெஷ்' பச்சைதானே?"

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ அக்கா."

அது யுத்த காலம். ஆங்கிலச் சோதனைக்கு முதல்நாள் பொலிசார் வீடு வீடாகச் சோதனையிட வந்தார்கள். கதவு தட்டிய சத்தத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. பத்திரிகைக் கட்டை அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகினேன். ஒளித்த பொருள்தானே முதலில் அகப்படும்! எல்லாம் யுத்தச் செய்திகள். ஏதோ தாக்குதலுக்குக் குறித்துவைத்ததுபோல் ஊர்ப் பெயர்களைச் சுற்றிச் சிவப்பு வட்டங்கள்.

"மே மொகத?" இது என்ன என்று அதிகாரி கேட்டார்.

அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஆங்கிலம் படிப்பதாகச் சொன்னார். படிக்கிற தாளை ஏன் ஒளிக்க வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அக்காவைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நானா கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். பென்சில் விற்றது தான்தான் என்று பொறுப்பதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னார். அக்காவிடம், "பயப்படாதீங்க புள்ள, நான் இங்கதான் ஈக்கிறேன்" என்றார்.

பொறுப்பதிகாரி அன்றைய ஆங்கிலப் பத்திரிகையைப் போட்டு, தன் முன்னாலேயே அதேபோல் செய்து காட்டச் சொன்னார். அக்கா சிவப்புப் பென்சிலில் தொடங்கினார். நாலைந்து வரி போனதும் இருக்கிற இடத்தையே மறந்துவிட்டார். பக்கம் முடிந்ததும், "சேர், மற்றப் பக்கமும் செய்யவா?" என்று சிங்களத்தில் கேட்டார். பொறுப்பதிகாரி சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வழியெல்லாம் நான் அழுதேன். "அழாதையடி. வீட்டை போய்ப் புத்தகத்தை எடு, வினையடை இன்னும் பார்க்கேல்லை" என்றார் அக்கா. ஒரு சொல்கூட என்னைக் குறை சொல்லவில்லை.

அக்கா தேறினார். ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை செய்து, என்னைப் படிப்பித்து, அம்மாவையும் கடைசிவரை குறைவின்றிப் பார்த்தார். நிறைவான சீவியம், நீண்ட நாள் பாயில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார்.

வைத்தியர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த கிருலப்பனை உறவினருக்கும், அயலவருக்கும் எங்கள் நன்றி. முதுமையிலும் மகனின் கையைப் பிடித்து இறுதிக் கிரியைக்கு வந்த நானா, உங்களுக்குத் தனியாக ஒரு சொல். அன்று பத்திரிகைக் கட்டை ஒளித்தது நான்தான் என்ற வெட்கத்தில் இத்தனை வருடம் உங்கள் முகம் பார்த்து நன்றி சொல்லவில்லை. அக்காவைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டி வந்தீர்கள், நானா. நன்றி.