வாத்து வேட்டைக்குப் புதுச் சோக் தேவையா?

இன்று ஸ்டுட்கார்ட் அருகே துப்பாக்கி சுடும் மைதானத்தில், என்னோடு வாத்து வேட்டைக்கு வரும் சிவா அண்ணை புதிதாக வாங்கிய சோக்கைக் காட்டினார். துப்பாக்கிக் குழலின் நுனியில் திருகினால், சிறு குண்டுகள் அதிகம் சிதறாமல் பார்த்துக்கொள்ளும் குழாய் அது.

"இனி ஒரு வாத்தும் தப்பாது, தங்கச்சி."

"முதல்ல பேப்பர்ல சுட்டுப் பாருங்க அண்ணை."

முப்பத்தைந்து மீட்டர் தள்ளி இரண்டு தாள்களை மாட்டினேன். துப்பாக்கியோடு வந்த சோக்கில் ஒன்று, புதியதில் ஒன்று சுட்டார்.

சிதறலில் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் குண்டுகள் குறிக்கு இடப்பக்கம்தான் விழுந்திருந்தன.

நான் எப்போதும் சொல்வதுதான். சோக் வாங்குமுன் தாளில் சுட்டுப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் துப்பாக்கியைத் தோளில் வைக்கும் விதத்தில்தான்.

அண்ணை இரண்டு தாள்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"பேப்பர் ஆடிப்போட்டுது போல."

காற்றே இல்லை. அங்கிருந்தவர்கள் யாராவது வந்து சாட்சி சொல்லுங்கள்.