படத்தில் இல்லாத கயிறு

எனக்கு ஆட்களின் முகம் பார்த்துக் கதைக்கக் கூச்சம். பத்தாம் வகுப்போடு தையலுக்குப் போனவன். குனிந்தபடியே செய்கிற வேலை. கையில் கமெரா போன் வந்த பிறகுதான் முகங்களை ஆற அமரப் பார்க்கத் தொடங்கினேன். தூரத்தில் நின்று எடுத்துவிட்டு, தையல் கடைக்கு வந்து பெரிதாக்கிப் பார்ப்பேன். எடுக்கலாமா என்று யாரிடமும் கேட்டதில்லை. கேட்பதென்றால் கதைக்க வேண்டுமே.

ஒரு காலை, துறைமுகத்துக்குப் பக்கத்துக் கடற்கரையில் கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வழியில் போகிறவர் வந்து கயிற்றில் கை கொடுத்தாலும் வலைக்காரர் அவருக்கு மீனில் பங்கு கொடுப்பார். நரைத்த தலைப் பெண் ஒருவர், ஈரச் சேலையோடு, இரண்டு கைகளையும் ஏந்தி நின்றார். வலைக்காரர் ஒருவர் அந்தக் கைகளில் மீனைப் போட்டார். எடுத்தேன். ஒன்றும் எழுதாமல் முகநூலில் போட்டேன்.

என் படங்களை ஏழெட்டுப் பேர்தான் பார்ப்பார்கள். இதை ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் பகிர்ந்தார்கள். 'ஐயோ பாவம்', 'பிள்ளைகள் இல்லையோ' என்று எழுதினார்கள். எதைப் பார்த்துப் பாவம் என்கிறார்கள் என்று யோசித்தேன், ஆனால் அது பங்கு மீன் என்று திருத்தவில்லை. அத்தனை பேர் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த கிழமை அதே கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது, அவர் கயிற்றை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்கதானே என்னைப் படம் எடுத்தது?"

"ஓம், அக்கா."

"கயிறு எங்க?"

எனக்கு விளங்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கயிறு உரசிச் சிவந்திருந்தது.

"அண்டைக்கும் விடியத் தொட்டு இழுத்தனான். அது படத்தில இல்லையே. கிளிவெட்டியில என்ர மகளிட்ட மாமியார் கேட்டவவாம், 'கொம்மா பிச்சையோ எடுக்கிறா?' எண்டு. பிள்ளை போனில அழுறாள்."

"இப்பவே அழிக்கிறன், அக்கா."

"நீங்க அழிச்சா அந்த மனிசி பார்த்தது அழியுமே? இன்னொண்டு எடுங்க. கயிறோட."

வாழ்நாளில் முதல் தடவையாக, எங்கே நின்று எடுக்கட்டும் என்று ஒருவரிடம் கேட்டேன். இழுக்கிறவர்களுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். கயிற்றைப் பிடித்திருந்த ஆண்கள் சும்மா விடவில்லை.

"பொறு தம்பி, அக்கா பவுடர் போட்டிட்டு வரட்டும்!"

"நீ வாயால இழுக்கிறதை விட்டிட்டுக் கையால இழு," என்றார் அவர், கயிற்றில் மூன்றாவது ஆளாக நின்றுகொண்டு.

படம் அவ்வளவு நன்றாக வரவில்லை. பத்துப் பன்னிரண்டு முதுகுகள், நீளமாக ஒரு கயிறு. முகநூலில் போட்டால் ஒருவரும் நின்று பார்க்கமாட்டார்கள். அவர் போனை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ர முகம் தெரியேல்ல. பரவாயில்ல, கயிறு நல்லாத் தெரியுது."

மகளின் போன் இலக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார், அனுப்பினேன். பழைய படத்தை அழித்தேன். பகிர்ந்தவர்களிடம் அது இன்னும் இருக்கும்.

வலை கரைக்கு வந்தபோது மகளின் பதிலும் வந்தது. அவருக்கு வாசித்துக் காட்டினேன்: "மாமிக்குக் காட்டிட்டன். இண்டைக்கு என்ன மீன் பட்டதெண்டு கேக்கிறா."

வலைக்குள் துள்ளியதெல்லாம் விரல் நீளச் சூடை மீன்கள். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பெரிய பாரை எண்டு எழுதுங்க."

எழுதினேன்.