கதவக்கா பார்க்காத பிள்ளை

அந்தக் கடையில் விற்பவை எல்லாம் கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கானவை. பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். உள்ளே கண்ணாடி பதிக்காத வெறும் சட்டம் ஒன்று தொங்கும், முகம் பார்க்க. காலி ஹேங்கர்களுக்கு மேலே, 'துணி மெல்லியது, அழுக்குக் கையால் தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை. வாசலில் நிற்கும் பெண், யாருமே வராதபோதும் கதவைத் திறந்து, "வாங்க சார், கொஞ்சம் இளைச்சிட்டீங்களே" என்பாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கதவக்கா.

கடை ஒரு சாக்குதான். திரைக்குப் பின்னால் நீளமான அறை ஒன்று உண்டு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து கதை எழுதுவார்கள். முன்னால் நடக்கும் வியாபாரம் பின்னால் இருக்கிற அந்த அறைக்காக.

கதவக்காதான் அவள் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பாவுக்குப் பஞ்சர் கடை. "நான் காத்தடிக்கிறேன். நீ பட்டம் வாங்கிட்டுக் காத்துக்குக் கதவு திறக்கிற. நம்ம குடும்பத்துக்குக் காத்துதான் ராசி போல" என்று சிரிப்பார். அவளும் சிரித்துவைப்பாள். ஆனால் உள்ளுக்குள் ஓர் உதறல் எப்போதும் இருந்தது. இது உன் இடம் இல்லை, தெரியாமல் விட்டுவிட்டோம், எழுந்து போ என்று என்றைக்காவது யாராவது சொல்லிவிடுவார்கள். கல்லூரியில் கேள்வி வரும்போதெல்லாம் முன் பெஞ்சுக்காரியின் முதுகுக்குப் பின்னால் தலையை இறக்கிக்கொண்டவள் அவள். வேலைக்கு வந்தபின் பயம் அதேதான், பயமுறுத்தும் ஆள்தான் மாறியது. இப்போது அது கடையின் முதலாளியம்மா.

கடையில் அதிகம் போவது மறைகளிம்பு. சின்ன டப்பியில் அடைத்த வாசலின், வேறொன்றுமில்லை. மூக்கு நுனியில் பூசிக்கொண்ட பிள்ளையைப் பெரியவர்கள் யாரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் அந்தப் பிள்ளை கண்ணுக்குத் தெரியும். டீச்சர் எட்டிப் பார்ப்பாரோ என்று கூசுகிற பிள்ளைகள்கூடக் களிம்பு பூசியதும் மடமடவென்று எழுதித் தள்ளினார்கள். அதனால் முதலாளியம்மா இந்த விஷயத்தில் மட்டும் கறார். "ஒரு தடவை பார்த்த மாதிரி காட்டிட்டா போச்சு. அப்புறம் அந்தப் பிள்ளை நம்மளை நம்பாது."

அன்று பெற்றோர் முன்னால் பிள்ளைகள் தங்கள் கதையை வாசிக்கும் நாள். பணம் தந்து உதவுகிறவர்களும் வந்திருந்தார்கள். முதலாளியம்மா அவர்களுக்குக் கடையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது திரை விலகியது. வந்தது கொசு. அந்தப் பெயர் அவளுடைய குரலுக்காக மற்ற பிள்ளைகள் வைத்தது. பேசினால் திக்கும்; அதனால் பேசவே மாட்டாள். மூக்கு பளபளத்தது. நேராகக் கதவுக்கு வந்து, கதவக்காவின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தாள்.

கதவக்கா இமைக்கவில்லை. வந்தவர்கள் ரசித்துப் பார்த்தார்கள். முதலாளியம்மாவும் பார்த்தாள்.

கொசு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

தனியாகப் போகிறாளே என்று கதவக்காவுக்குப் பட்டது. வாய் திறக்கவில்லை. திரும்பி வந்துவிடும், வாசலில்தான் நிற்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். விருந்தினர் திரைக்குப் பின்னால் போனதும் கதவைத் திறந்து பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை.

தெருவில் இறங்கி ஓடினாள். "கொசு, எங்கடா இருக்கே?" பழக்கடை மறைவில் இல்லை, பஸ் நிறுத்தத்தில் இல்லை. கொசுவின் அம்மா வேலை செய்யும் சலவைக் கடை வந்தது. உள்ளே அவர் இஸ்திரிப் பெட்டியோடு குனிந்திருந்தார். கேட்கலாம். கேட்டால், பிள்ளையைக் காணோம் என்று சொல்ல வேண்டும். கதவக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போனாள். போகும்போதே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

பக்கத்தில் கிடங்குச் சந்து. லாரிகள் சரக்கு இறக்கும் இடம். "எங்க இருக்கே? கண்ணுக்கே தெரியலையே" என்று கூப்பிட்டவள், பாதியில் நாக்கைக் கடித்தாள். கூப்பிடக் கூப்பிட மருந்து வேலை செய்கிறது என்றல்லவா பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும்? மறைந்தவர்கள் பதில் சொல்வார்களா?

ஒரு லாரியின் இன்ஜின் உறுமியது.

"தெரியுது" என்று கத்தினாள். எதுவும் தெரியவில்லை. லாரிகளும் மூட்டைகளும்தான். "நல்லாத் தெரியுது. உன்னைப் பார்த்துட்டேன். வெளிய வா."

பிறகு, மெல்லிய குரல்: "எ... எத்தனை விரல் கா... காட்டுறேன்?"

அந்தக் குரல், உறுமுகிற லாரியின் பின்சக்கரத்தருகே இருந்து வந்தது. வண்டியைப் பின்னால் எடுக்கும் விளக்கு எரிந்தது.

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. ஓட்டுநரின் கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள். வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது.

"சாகணும்னா வேற வண்டி பாரும்மா. இதுக்கு இன்னும் தவணை முடியல" என்றார் ஓட்டுநர்.

"பின்னாடி குழந்தை" என்றாள்.

அவர் குதித்து இறங்கிப் பின்னால் போனார். நிழலில் குத்துக்காலிட்டு, மூன்று விரலை நீட்டியபடி கொசு உட்கார்ந்திருந்தாள். முழங்காலெல்லாம் கிரீஸ். ஓட்டுநர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் இவ்வளவுல ஒண்ணு இருக்கு" என்றார், யாரிடமென்று இல்லாமல்.

கதவக்கா பிள்ளையைச் சந்துக்கு வெளியே இழுத்து வந்தாள்.

"எப்பலேர்ந்து தெ... தெரிஞ்சுது?"

பொய் சொல்லலாம். இந்தச் சந்திலேர்ந்துதான் என்று சொன்னால் பிள்ளை நம்பிவிடும்.

"கதவுகிட்டயே தெரிஞ்சுது."

"அப்ப ஏன் கூ... கூப்பிடல?"

"பயம்."

"என்னைப் பா... பார்த்தா?"

"இல்லடா. பார்த்தேன்னு சொன்னா திட்டுவாங்களோன்னு."

கொசு யோசித்தாள். தன் பயத்துக்கு ஒரு மருந்தாவது கிடைத்தது, இந்தப் பெரிய அக்காவுக்கு அதுவும் இல்லை என்று நினைத்திருக்கலாம். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கிரீஸ் அப்பிக்கொண்டது.

இருவரும் சலவைக் கடைக்குள் போனார்கள். அம்மா நிமிர்ந்தார்.

"என்னடி இது கோலம்? அங்க வாசிக்கிற நேரமில்ல? இதோ கிளம்பிட்டே இருக்கேன்." பிறகு கதவக்காவின் முகத்தைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என்னாச்சு?"

"அம்மா, அது வந்து..." என்று கதவக்கா ஆரம்பித்தாள்.

கொசு அவள் கையை இழுத்தாள். "நா... நானே சொல்றேன்."

களிம்பு டப்பியைத் திறந்ததிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லும் வாசலில் முட்டி முட்டித்தான் வெளியே வந்தது. அம்மா அவசரப்படுத்தவில்லை. இஸ்திரி போட வந்திருந்த ஒருவர்கூடத் துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். டப்பி, மூக்கு, திரை, கடையில் நின்ற பெரியவர்கள். ஒன்றையும் விடாமல், வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அடுத்து கதவு. கதவக்கா ஓரமாக நின்று, தன் முறைக்காகக் காத்திருந்தாள்.