மாப்பிள்ளையின் தமையனோடு ஆற்றுக்குப் போன நாள்

அந்த நாட்களில் ரொறன்ரோவில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரிடம் "ஊரிலை எவ்விடம்?" என்று கேட்டால், ஊரின் பெயரைச் சொல்வதோடு அந்தக் கேள்வி முடியாது. எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடம், சந்தியிலிருந்து கடற்கரைப் பக்கமா மற்றப் பக்கமா என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். வேண்டியது சாதி. அந்தச் சொல்லை வாயால் சொல்லாமலே அதைப் பிடித்துவிடுவார்கள். எந்தப் படியில் இருமுவது, எந்தப் படியில் பிள்ளையைக் கூப்பிடுவது, எந்தப் படியில் "இடம்பெயர்ந்து கன இடத்திலை இருந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டு எழும்புவது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

என் அப்பா மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். அவருடைய அப்பாவும் போனவர். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போயிருக்கிறேன். கனடாவுக்கு வந்த பிறகு இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் நியாயம் ஏதும் கிடையாது. வெட்கம், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என் தங்கைக்குக் கலியாணம் பேச்சில் வந்தது. பேச்சு என்றால் பேசிச் செய்வது கூட இல்லை. அவளும் அவளோடு கொலிஜ்ஜில் படித்த ஒரு பெடியனும் தாங்களே முடிவெடுத்துவிட்டார்கள். பெடியனின் தாய் தகப்பன் ஊரில். இங்கே அவனுக்கு எல்லாம் தமையன்தான். தமையன் மார்க்கம் என்ற புறநகரில் தனி வீடு வாங்கியிருந்த கணக்காளர். அவர் தலையாட்டினால் கலியாணம், ஆட்டாவிட்டால் அழுகை. எங்கள் வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்ட்டில் அப்பா, அம்மா, நான், மனைவி, தங்கை எல்லோரும் அந்தத் தலை ஆடுவதற்காகக் காத்திருந்தோம்.

ஒரு நாள் பின்னேரம் அவர் எனக்குப் போன் பண்ணினார். கந்தோரில் வெள்ளைக்காரர்களோடு பழகி அவருக்கு மீன்பிடிப் பைத்தியம் பிடித்திருந்தது. பட்டணத்துக்குக் கிழக்கே ஓர் ஆறு இருக்கிறதாம். குளிர் தொடங்கும்போது ஏரியிலிருந்து ஸ்டீல்ஹெட் என்ற பெரிய மீன் அதில் ஏறி வருமாம். வழிகாட்டி ஒருவரைப் பிடித்திருக்கிறாராம், இரண்டு பேருக்கு இடம் இருக்கிறதாம்.

"சனிக்கிழமை நீங்களும் வாங்கோவன். ஆத்திலை நிண்டு ஆறுதலாக் கதைப்பம்" என்றார்.

மீன் என்ற சொல்லைக் கேட்டதும் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன். இவர் என்னை ஏன் மீன் பிடிக்கக் கூப்பிடுகிறார்? தெரிந்து கூப்பிடுகிறாரா, தெரியாமல் கூப்பிடுகிறாரா? மாட்டேன் என்றால் சந்தேகம், வருகிறேன் என்றால் சோதனை. வாறன் என்று சொல்லிவிட்டேன். தங்கை வாசல் வரை வந்து, "அண்ணா, அவரோடை நல்லமாதிரிக் கதையுங்கோ, பிளீஸ்" என்றாள். அப்பா சோபாவில் இருந்தபடி, "குளிர் தண்ணியப்பன், காலைப் பாத்து வை" என்று மட்டும் சொன்னார்.

காரில் ஏறி நெடுஞ்சாலையில் விழுவதற்குள்ளேயே கேள்வி வந்தது.

"அப்பா ஊரிலை என்ன செய்தவர்?"

"கூட்டுறவுச் சங்கத்திலை இருந்தவர், அண்ணை."

பொய் இல்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா அங்கத்தவர். வலை வாங்கக் கடன் எடுத்திருக்கிறார். ஆனால் நான் சொன்ன தொனியில் அப்பா வெள்ளைச் சட்டையோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பேரேடு எழுதிக்கொண்டிருந்தார். தமையன் "ஆ, நல்லது" என்று சொல்லி ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார். எனக்குப் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வழிகாட்டி ஆற்றங்கரையில் எங்களுக்காகக் காத்திருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க, அதிகம் பேசாத வெள்ளைக்காரர். நெஞ்சு வரை வரும் ரப்பர் காற்சட்டையைத் தந்து போடச் சொன்னார். தண்ணீருக்குள் ஊன்றி நடக்க ஆளுக்கொரு தடியும் தந்தார். மரங்களில் ஓர் இலை இல்லை. கரையோரத் தண்ணீரில் மெல்லிய ஐஸ் படிந்திருந்தது. தூண்டில் நுனியில் ஒரு கொளுக்கி. அதில் செம்மஞ்சள் நூலைச் சுற்றி, பார்த்தால் மீன் முட்டை போலச் செய்திருந்தார்கள். இரை கிடையாது, நூல்தான். பிடிக்கிற மீன் எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிட வேண்டும், தன்னோடு வருகிறவர்கள் ஒரு மீனையும் கொல்வதில்லை, அதுதான் தன் ஒரே சட்டம் என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் எங்கள் இருவரின் கண்ணையும் பார்த்தார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். காசு கொடுத்து, குளிரில் விறைத்து, ஏமாற்று முட்டையைக் காட்டி மீனைப் பிடித்து, பிறகு போய் வா என்று அனுப்பி வைப்பதா? இதை அப்பாவிடம் சொன்னால் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சிரித்தால் எதற்குச் சிரித்தாய் என்ற கேள்வி வரும். ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

அன்று முழுக்க நான் ஒன்றும் தெரியாதவனாக நடித்தேன். வழிகாட்டி போட்டுத் தந்த முடிச்சை "எப்படி, எப்படி?" என்று கேட்டேன். கொளுக்கியைத் தொடப் பயந்தவன் போலக் கையை இழுத்தேன். ஒரு தடவை வேண்டுமென்றே நூலைச் சிக்கலாக்கிவிட்டு நின்றேன். "உங்களுக்கு உது புதுசு, என்ன?" என்று தமையன் சிரித்தார். "ஓம் அண்ணை, எனக்கு மீன் சாப்பிட மட்டும்தான் தெரியும்" என்றேன். நன்றாக நடிக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

மத்தியானத்துக்குப் பிறகு தமையனின் தூண்டிலில் மீன் பட்டது. மனிதர் சத்தம் போட்ட விதத்தைப் பார்த்தால் மீன்தான் அவரைப் பிடித்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். மீன் ஆற்றின் மேல் பாய்ந்து விழுந்தது. வெள்ளியும் சிவப்புமாக, கை நீளத்துக்கு இருந்தது. வழிகாட்டி பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, கரைப் பக்கமாக ஆழமில்லாத தண்ணீருக்குள் அதைக் கொண்டுவர வைத்தார். மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருங்கள், கமெராவை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கரையில் ஏறினார்.

தமையன் குனிந்து மீனைப் பிடிக்கப் பார்த்தார். அது வழுக்கியது. மறுபடி பிடித்தார். அது வாலால் அடித்துக் கூழாங்கல்லில் ஏறிப் புரண்டது. "பிடியும், பிடியும்! போகப்போகுது!" என்று கத்தினார்.

நான் யோசிக்கவில்லை. முழங்காலால் மீனை அமுக்கினேன். பெருவிரலைச் செவுளுக்குள் விட்டுத் தலையைத் திருப்பினேன். மற்றக் கையில் இருந்த தடியால் இரண்டு கண்ணுக்கும் நடுவே ஓர் அடி போட்டேன். மீன் ஒரு நடுக்கம் நடுங்கி நீட்டி நிமிர்ந்தது. வள்ளத்துக்குள் துள்ளுகிற பெரிய மீனுக்கு அப்பா செய்வது இதுதான். துள்ளவிட்டால் சதை கெட்டுவிடும், வலையும் கிழியும். எத்தனையோ தடவை பார்த்து, எத்தனையோ தடவை செய்து, என் கைக்கு அது என்னைக் கேட்காமலே வந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். தமையன் வாயைத் திறந்தபடி என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வழிகாட்டி கமெராவோடு நின்றார்.

"ஏன்?" என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் மட்டும் கேட்டார் வழிகாட்டி.

என்ன சொல்வது? மன்னிக்க வேண்டும் என்றேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். தெரியாமல் செய்தவன் அப்படிச் செய்ய முடியாது என்பது அவருக்கும் தெரியும், தமையனுக்கும் தெரியும். வழிகாட்டி குந்தியிருந்து மீனின் முதுகில் கையை வைத்தார். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு முன்னால் அவமானப்பட்டு நின்றேன். ஒருவருக்கு முன்னால் கொலைகாரன், மற்றவருக்கு முன்னால் இன்னாருடைய மகன். இரண்டாவதுதான் என்னை அதிகம் சுட்டது என்பதை நினைக்கும்போது வருகிற வெட்கம் இன்னொன்று. நிலம் பிளந்து என்னை விழுங்கட்டும் என்று இருந்தது.

இறைச்சியை வீணாக்கக் கூடாது, கொண்டுபோங்கள் என்று வழிகாட்டி மீனைக் கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டுத் தமையனிடம் நீட்டினார். தமையன் வாங்கவில்லை.

"தம்பியிட்டைக் குடுங்கோ" என்று என்னைக் காட்டித் தமிழில் சொல்லி, பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னார்.

திரும்பி வரும்போது ரேடியோ போடவில்லை. பை என் காலடியில் கிடந்தது. கனதூரம் வந்த பிறகு தமையன் வாயைத் திறந்தார்.

"எனக்கு முதலே தெரியும். உங்கடை தங்கச்சி என்ரை தம்பிக்குச் சொன்னவ, அவன் எனக்குச் சொன்னவன். எனக்கு உதிலை ஒரு பிரச்சினையும் இல்லை. நாங்கள் கனடாவிலை இருக்கிறம்."

காலையில் நான் அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு மேசையில் இருத்தியபோது இவர் எல்லாம் தெரிந்துகொண்டுதான் "நல்லது" என்றிருக்கிறார். நான் முடிச்சுப் போடத் தெரியாமல் விழித்தபோதும் தெரிந்துகொண்டுதான் சிரித்திருக்கிறார்.

"ஆனா எங்கடை சொந்தக்காரர் எல்லாரும் என்னை மாதிரி இல்லை" என்றார் அவர். "உங்கடை அப்பா நல்ல மனுசன், கேட்டதுக்கு நேர பதில் சொல்லிப்போடுவார். அதாலை தாரை வார்க்கிறதுக்கு நீங்களும் உங்கடை மனிசியும் நில்லுங்கோ. அப்பா அம்மா ஹோலிலை பின்னுக்கு இருந்தாக் காணும். வயசு போன ஆக்கள், ஏலாது எண்டு சொல்லலாம். உங்களுக்குச் சமாளிக்கத் தெரியும்தானே."

உங்களுக்குச் சமாளிக்கத் தெரியும்தானே. அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

மகளைத் தாரை வார்த்துக் கொடுப்பது தாயும் தகப்பனும். உயிரோடு, நடமாடிக்கொண்டு இருக்கிற தாய் தகப்பனைப் பின்வரிசையில் இருத்திவிட்டு அண்ணன்காரன் மணவறையில் போய் நிற்பதா? காரை நிற்பாட்டச் சொல்லி இறங்கியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

"ஓம் அண்ணை" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் மனைவியும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அப்பா பையைத் திறந்து பார்த்தார். கனடா வந்த நாளிலிருந்து ஐஸில் கிடந்த கடை மீனையே பார்த்துச் சலித்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதைத் தூக்கித் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் அடிச்சது?"

"நான்தான்."

"நல்ல அடி" என்று சொல்லிக் குசினிக்குள் கொண்டுபோய்க் கழுவத் தொடங்கினார்.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னவர், என்ன சொன்னவர் என்று கேட்டாள். குரலை அடக்கித்தான் அவளுக்குச் சொன்னேன். எங்கள் அப்பார்ட்மென்ட்டில் எங்கே நின்று பேசினாலும் குசினிக்குக் கேட்கும்.

"அது நல்லதுதானே" என்றார் அப்பா, திரும்பாமலே. "எனக்கு ஐயர் சொல்லுற மந்திரமும் வாயிலை வராது. முழங்காலும் ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் நில்லுங்கோ."

"உங்கடை முழங்காலுக்கு ஒண்டும் இல்லை" என்றாள் தங்கை. அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: "நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனீங்களோ?"

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"கொலிஜ்ஜிலை அவரைக் கண்ட முதல் கிழமையே நான் அவருக்கு அப்பா ஆரெண்டு சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகும்தான் அவர் வந்தவர். என்னைத் தாரை வார்க்கிறதெண்டா அப்பாவும் அம்மாவும்தான். இல்லாட்டி எனக்குக் கலியாணம் வேண்டாம். ஓம் எண்டு சொன்ன நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ."

சுவரில் தொங்கிய போனைக் கழற்றி என் கையில் தந்தாள். என்னைவிட எட்டு வயது இளையவள். அப்பா சொன்னதையே சாட்டாகச் சொல்லிப் போனைத் திருப்பி வைத்திருக்கலாம், வைக்கவில்லை. நம்பரை அமர்த்தினேன்.

அந்தக் கலியாணம் தை மாதத்தில் நடந்தது. தாரை வார்த்தது அப்பாவும் அம்மாவும். மாப்பிள்ளையின் ஆட்களில் சிலர் வரவில்லை, வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். இன்றைக்கும் என் மனைவி யாரிடமாவது கதை சொல்லும்போது, அன்று தமையனுக்குப் போன் பண்ணித் துணிந்து பேசியது இவர்தான் என்று என்னைக் காட்டிச் சொல்வாள். நான் மறுத்துச் சொல்வதில்லை. அவள் அப்போது வீட்டில் இல்லை.

அன்று தமையன் போனை எடுத்ததும், "அண்ணை, தாரை வார்க்கிறது அப்பாவும் அம்மாவும்தான். அதிலை மாற்றம் இல்லை" என்று உரத்த குரலில்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்கே என்மீது ஒரு மதிப்பு வந்தது. ஆக்கள் கேட்டால் என்ன சொல்லுறது என்று அவர் கேட்டார். "உள்ளதைச் சொல்லுவம். அப்பா கடலுக்குப் போனவர்" என்றேன். கடல் என்ற சொல் வந்த இடத்தில் என் குரல் தாழ்ந்து, பக்கத்து அப்பார்ட்மென்ட்டில் யாரோ காதை வைத்துக் கேட்பதுபோல, என் மற்றக் கை வாயை மறைத்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, கையில் கத்தியோடு, குசினி வாசலில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.